நான் சொன்ன பதினெட்டு நிமிடம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். பொள்ளாச்சியில் பஞ்சு மில் வைத்திருந்த முதலாளி ஒருவர். சித்தூரில் கிளினிக் நடத்திய டாக்டர் ஒருவர். போடிமெட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தவர் ஒருவர். நான். எங்கள் நாலு பேரிடமும் ஆளுக்கொரு பழைய கார் இருந்தது. ஐந்தாவது ஆள் மலையடிவாரத்து டீக்கடைக்காரர். நாங்கள் கிளம்பும் நேரத்தைச் சீட்டில் எழுதித் தருவது அவர் வேலை. ஆறாவது, மேலே போடிமெட்டில் கைக்கடிகாரத்தோடு காத்திருந்த, வேலையிலிருந்து நின்றுவிட்ட எஸ்டேட் கணக்கப்பிள்ளை. பிற்பாடு டாக்டர் யாரிடமோ இதைச் சொல்லும்போது ஐம்பது அறுபது பேர் கூடி வேடிக்கை பார்த்ததாகச் சொன்னாராம். அப்படி யாரும் கூடவில்லை. ஒரு நாய் இருந்தது. அதுவும் முதல் வண்டி புகை விட்டதும் எழுந்து போய்விட்டது.

பந்தயம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். எழுபதுகளின் நடுவில், பெட்ரோல் விலை ஏறி, கார் வைத்திருந்தவர்களே பஸ்ஸில் போக ஆரம்பித்திருந்த காலம். எங்கள் வண்டிகள் எல்லாம் யுத்தத்துக்கு முந்தியவை. வெள்ளைக்காரர்கள் விட்டுப் போனது, விற்றுப் போனது, கை மாறிக் கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அடிவாரத்திலிருந்து போடிமெட்டு வரைக்கும் அவற்றை ஏற்றுவோம். குறுகலான மலைப்பாதை, எதிரே பஸ் இறங்கும், ஜீப் இறங்கும். அதனால் சேர்ந்து ஓட்ட முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டியாக விடுவார்கள். ஏறி முடிக்க யாருக்குக் குறைந்த நேரம் ஆனதோ அவருக்கு ஜெயம். ஆளுக்கு ஐம்பது ரூபாய் போடுவோம். ஜெயித்தவருக்கு அந்த இருநூறும், டாக்டர் வாங்கி வைத்திருக்கும் ஒரு சின்னக் கோப்பையும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வழியில் ஒரு வண்டி நின்றுபோய், அதன் முன்விளக்கில் துண்டு கட்டியிருந்தால், பின்னால் வருகிறவர் நின்று உதவியே ஆக வேண்டும். உதவி செய்ய நின்ற நேரத்தை அவர் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். பழுதானவருக்குக் கழிவு கிடையாது. எத்தனை நிமிடம் நின்றோம் என்பதை உதவியவரே சொல்ல வேண்டும். உதவி வாங்கியவர் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. முதல் வருஷத்தில் உதவியவர் ஒரு கணக்கும் வாங்கியவர் ஒரு கணக்கும் சொல்லி, சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போனதாம். அதற்கப்புறம் டாக்டர் வைத்த ஏற்பாடு இது. நான் சேர்ந்த நாலு வருஷத்தில் இதை வைத்து ஒரு சொல் தகராறு வந்ததில்லை.

நான் சித்தூருக்குப் பக்கத்து நல்லேப்பிள்ளிக்காரன். எட்டாம் வகுப்பில் கணக்கில் தவறிப் பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பா போன பிறகு பாகம் பிரித்தபோது அண்ணன்மார் இருவரும் வயலை எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் ஒரு பங்கு வயல் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் வருமா, வந்தால் அதிகமாக வருமா, கதிர் பிடிக்கும் நேரத்தில் பூச்சி விழுமா என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். வயல் வேண்டாம், அப்பாவின் காரும் அது நிற்கிற கொட்டகையும் பக்கத்து அறையும் போதும் என்று கையெழுத்துப் போட்டேன். அதைக் கேட்டு ஊர் சிரித்தது. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. வண்டியில் டாக்சி மாதிரி ஆள் ஏற்றிப் பிழைத்தேன். சாப்பாடு பெரிய அண்ணன் வீட்டில். அங்கே என்னிடம் பேச யாருக்கும் எதுவும் இருக்கவில்லை, எனக்கும் இருக்கவில்லை.

பேச எனக்கிருந்த ஒரே ஆள் ஃபிட்டர்தான். வருஷத்தில் இரண்டு நாள்தான் நேரில் பார்ப்போம். மற்ற நாளில் கார்டு. மாதம் ஒரு கார்டு தவறாமல் போடுவார். நலம், நலமறிய ஆவல் என்று ஒரு வரி, மீதி முழுக்க கார்புரேட்டர். அவர் அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வந்தவர்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து கார்டு எழுதுவார். அந்தக் கார்டு நல்லேப்பிள்ளிக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் தாமதமானாலும் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தபால்காரரைத் தேடிப் போய்விடுவேன்.

அன்று காலை டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

"அண்ணாச்சி, இந்த வருசம் நான் ஜெயிச்சே ஆவணும். எஸ்டேட்டுக்குப் புதுத் தொரை வந்திருக்காரு, மேனேஜரு. ஃபாக்டரி ஷெட்டுல ஓட்டை வண்டி எதுக்கு நிக்குங்காரு. போட்டிக்குப் போறேன்னேன். கப்பு கொண்டாந்து காட்டு, ஷெட்டுல இருக்கட்டும், இல்லேன்னா மாசக் கடைசிக்குள்ள எடுத்துரணும்னுட்டாரு."

"எடுத்து எங்கீங்க வெப்பீங்க?"

"எங்க வைக்க? லயத்து ஒத்த ரூமு வீட்டுல நானும் பொண்டாட்டியும் பிள்ளைகளும் படுத்தாலே கால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஜெயித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவர் வண்டிதான் நாலிலும் வேகம். நான் அதுவரை ஒருமுறை கூட ஜெயித்ததில்லை. அதற்குமேல் எதுவும் நினைக்கவில்லை என்றுதான் என் ஞாபகம்.

மில் முதலாளி முதலில் கிளம்பினார். போகிறபோது என் வண்டியைப் பார்த்து, "ஏம்ப்பா நல்லேப்பிள்ளி, வண்டி ஏறுமா, இல்ல ரெண்டு மாடு சொல்லி உடட்டுமா?" என்றார். "ஏறுமுங்க மொதலாளி" என்றேன். அடுத்துப் போன டாக்டர் மூன்றாவது வளைவிலேயே ரேடியேட்டர் கொதித்து, திரும்பி இறங்கி வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் சரியாக ஏழு மணிக்குக் கிளம்பினேன். எனக்குப் பின்னால் ஏழு பத்துக்கு ஃபிட்டர்.

என் வண்டியின் பின் சீட்டில் எப்போதும் ஒரு மரப்பெட்டி இருக்கும். நடக்கக்கூடியது என்று எனக்குத் தோன்றிய எல்லாவற்றுக்கும் அதில் ஒரு சாமான் வைத்திருந்தேன். ரப்பர் குழாய், தோல் துண்டு, நூல் கண்டு, கட்டிச் சோப்பு, இரண்டு பாட்டில் தண்ணீர், மருந்து, பஞ்சு. பாதி மலையில் பின்னால் பாம் பாம் என்று ஹாரன் கேட்டது. ஓரம் கொடுத்தேன். ஃபிட்டர் கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். அடுத்த வளைவில் அவர் வண்டி மறைந்தது.

இன்னும் சில வளைவு தாண்டியதும் பார்த்தேன். வண்டி ஓரமாக நின்றிருந்தது, முன்விளக்கில் துண்டு. நான் நிறுத்தினேன். நிறுத்துவதா வேண்டாமா என்று ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. இதை என் வரவில் எழுதிக்கொள்ளலாம். இறங்கும்போது வாட்சைப் பார்த்தேன். ஏழு நாற்பத்திரண்டு. வாட்ச் பார்க்காமல் நான் எதுவும் செய்வதில்லை.

பெட்ரோல் குழாய் நட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை மாதிரி விரிசல் விட்டு, பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பெட்டியைத் திறந்து சோப்பை எடுத்தேன். தண்ணீர் தொட்டுப் பிசைந்து விரிசலில் அப்பி, மேலே துணி சுற்றி, நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒருவர் குழாயை அசையாமல் பிடித்திருந்தால்தான் மற்றவர் கட்ட முடியும். நான் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டியில என்னதான் இல்ல? பிரசவம் பாக்கச் சாமான் இருக்கா?"

"டெட்டாலு இருக்குதுங்க."

அவர் நூலை விட்டுவிட்டுச் சிரித்தார். சோப்பு வழுகியது. மறுபடி முதலிலிருந்து அப்பினோம். இவ்வளவு நேரம் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் தோளோடு தோள் இடிக்க நின்று எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். முடிந்ததும் அவர் இஞ்சினைக் கிளப்பிப் பார்த்தார். சொட்டு நின்றிருந்தது. "தெய்வம் மாதிரி வந்திய" என்று சொல்லிவிட்டு ஏறினார். நான் என் வண்டியில் ஏறி வாட்சைப் பார்த்தேன். ஏழு ஐம்பத்தாறு. பதினாலு நிமிடம். அரை நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது எட்டு இருபத்திநாலு. பனி இன்னும் விலகவில்லை. கணக்கப்பிள்ளை ஒரு பேப்பரை மில் முதலாளியின் கார் பானெட் மேல் விரித்து வைத்திருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். மில் முதலாளி எழுபத்திரண்டு நிமிடம். டாக்டர் பெயருக்கு நேரே கோடு. ஃபிட்டர், நின்ற நேரம் எல்லாம் சேர்ந்தே, அறுபத்தேழு. என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு எனக்கு எண்பத்திநாலு என்று எழுதினார்.

"தம்பி, வழியில நின்னீரா?"

"நின்னனுங்க. ஃபிட்டருக்குப் பெட்ரோல் கொழாய் ஒடஞ்சு போச்சுங்க."

"எத்தன நிமிசம்?"

பதினாலு என்று சொன்னால் எனக்கு எழுபது. மில் முதலாளியை முந்தி இரண்டாவது. அதுவே எனக்குப் பெரிய விஷயம். ஆனால் அறுபத்தேழு என்ற எண்ணை நான் பார்த்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் எந்தக் கணக்கு எனக்கு வராமல் போனதோ அது அன்று மின்னல் மாதிரி வந்தது. எண்பத்திநாலில் பதினேழு போனால் சமம். பதினெட்டு போனால் அறுபத்தாறு.

ஃபிட்டரின் ஷெட் எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லை என்று சொல்ல முடியாது. அதோடு கூடவே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் பெயரைச் சொல்லி ஒரு பொருளைக் கையில் கொடுக்க மாட்டார்களா என்பதும் இருந்தது. குழாய் கட்டிய இடத்தில் வாட்ச் இருந்தது என்னிடம் மட்டும்தான். உதவி வாங்கியவர் வாய் திறக்கக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான்.

"பதினெட்டுங்க" என்றேன்.

ஃபிட்டர் பக்கத்தில் நின்று பஞ்சு வேஸ்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது; என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

மில் முதலாளிதான் பேசினார். "பதினெட்டு நிமிசமா! கொழாய் கட்டுனீங்களா, இல்ல நடுவுல போயி பொண்ணு பாத்துட்டு வந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கணக்கப்பிள்ளை பதினெட்டு என்று எழுதி, கழித்து, அறுபத்தாறைச் சுற்றி வட்டம் போட்டார். ஃபிட்டர் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை ஈரமாக, சோப்பு மணத்தோடு இருந்தது.

"நல்லா ஓட்டுனிய அண்ணாச்சி" என்றார்.

வழக்கம் போல ஃபிளாஸ்கைத் திறந்து எனக்குக் காப்பி ஊற்றினார். "சோப்பு மிச்சம் இருந்தாத் தாங்க. ஃபாக்டரி போற வரைக்கும் இது தாங்கணும்லா" என்றார். முழுக் கட்டியையும் கொடுத்தேன். கொடுக்கும்போது சொல்லியிருக்கலாம். கணக்கப்பிள்ளையிடம் போய், ஐயா தப்பாச் சொல்லிட்டனுங்க, பதினாலுதானுங்க என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். அப்படிச் சொன்னால் மில் முதலாளி என்ன சொல்வார், அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்வார்களா, பொய்யன் என்று பொள்ளாச்சி வரைக்கும் பேச்சுப் போகுமா என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்து முடிப்பதற்குள் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு எஸ்டேட் ரோட்டில் திரும்பிவிட்டார்.

ஊர் திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. பக்கத்து சீட்டில், அடிவாரத்தில் இறங்கியதும் டாக்டர் பணத்தோடு கொடுத்த கோப்பை. குலுங்கி விழாமல் இருக்கத் துண்டைச் சுற்றி வைத்திருந்தேன். மாநில எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டில் அரிசிக் கடத்தலுக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு காவலர் பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தார், மரப்பெட்டியைக் கிளறினார், பிறகு அந்தத் துண்டைப் பார்த்தார்.

"இதுல என்ன? அரிசியா?"

"இல்லீங்க. கப்புங்க. கார் ரேசுல ஜெயிச்சதுங்க."

"இந்த வண்டியிலயா?" துண்டை விலக்கிப் பார்த்தார். "எத்தனாவது?"

"மொதலாவதுங்க."

"அட" என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்ற லாரியை வரச் சொல்லிக் கையை ஆட்டினார். அந்தக் கோப்பையைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்ட ஒரே மனிதர் அவர்தான். வீட்டில் பெரிய அண்ணன் அதைக் கையில் எடுத்து, "இத வெச்சு என்ன பண்றது?" என்றார். என் அறைக்குக் கொண்டுபோய் அலமாரியில் துணிக்குப் பின்னால் வைத்தேன்.

அந்த மாதம் கார்டு வரவில்லை. அடுத்த மாதம் வந்தது. நலம், நலமறிய ஆவல். வண்டியைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன், மாசக் கடைசிக்கு முந்தின நாள் வந்து நாலு பேர் தள்ளி லாரியில் ஏற்றினார்கள், பெட்ரோல் குழாயில் சோப்பு கடைசி வரை விடவில்லை என்று எழுதியிருந்தார். என்மேல் ஒரு குறை இல்லை. ஒரு குறையாவது எழுதியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

நாலைந்து பதில் எழுதிக் கிழித்தேன். பிறகு அந்த இருநூறு ரூபாயை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பொள்ளாச்சியில் மாறி, பழனியில் மாறி, தேனியில் மாறி, போடியில் மாறி, மறுநாள் மத்தியானம் அந்த ஃபாக்டரி கேட்டில் போய் நின்றேன். சொல்லி அனுப்பியதும் ஃபிட்டர் வெளியே வந்தார். உள்ளே ரோலர்கள் ஓடும் சத்தம், பச்சை இலை நசுங்கும் வாடை.

"அண்ணாச்சியா? ஏ, என்ன இம்புட்டுத் தூரம்? வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லீங்க." அதற்குமேல் பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "பதினெட்டு நிமிசம் இல்லீங்க. பதினாலுதானுங்க."

"பதினாலுதான்" என்றார் அவர்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"ரோலிங் ரூமுல பதினஞ்சு வருசம் நிக்கேன். ஒரு தடவ இலை போட்டா எப்ப எடுக்கணும்னு எங்களுக்குக் கடியாரம் பாத்துச் சொல்ல வேண்டாம். பதினாலுக்கும் பதினெட்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா இருக்கும்?"

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே."

அவர் கேட் கம்பியில் ஒட்டியிருந்த தேயிலைத் தூளைத் தட்டினார். "நான் சொல்லியிருந்தா, அடுத்த வருசம் துண்டு கட்டி நிக்கிறவனுக்கு எவன் அண்ணாச்சி நிப்பான்? நின்னவன் சொல்லுதான், நாம கேட்டுக்கிடணும். அப்படித்தான போனோம் இத்தன வருசமும்."

அழுதுவிடுவேன் என்று பயந்து பையில் கையை விட்டேன். "பந்தயப் பணமுங்க. இது உங்களுதுங்க."

வேண்டாம் என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கையை நீட்டினார். "ஆமா. அது எனக்குள்ளதுதான். தாங்க. அதுக்கு மேல ஒரு பைசா வைக்காதிய, வாங்க மாட்டேன்."

பயணம் போகும்போது நான் பணத்தை ஒரே இடத்தில் வைக்க மாட்டேன். சட்டைப் பையில் நூற்று நாற்பது, உள்பையில் அறுபது. கையில் வேறு சில்லறை ஆறோ ஏழோ. எடுக்கும் அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பெல்லாம் இதுதான்: மழை பிடித்து பஸ் நின்றுவிட்டால், தேனியில் தங்க வேண்டி வந்தால், காய்ச்சல் வந்து படுத்துவிட்டால், ஊர் போய்ச் சேர என்னிடம் என்ன இருக்கும். சட்டைப் பையில் இருந்ததை மட்டும் எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இப்பக் கையில இவ்வளவுதானுங்க இருக்குது. மீதிய மணியார்டர்ல அனுப்பீடறனுங்க."

அவர் எண்ணினார். நிதானமாக, ஒவ்வொரு நோட்டாக. எண்ணி முடித்து என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் போடிமெட்டில், பதினெட்டு என்று சொன்னபோது ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதற்குள் ஃபாக்டரியில் மணி அடித்தது.

"சரி அண்ணாச்சி. பத்திரமாப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை.

மழை வரவில்லை. எல்லா பஸ்ஸும் நேரத்துக்குக் கிடைத்தது. காய்ச்சலும் இல்லை. ஊருக்கு வந்து உள்பையைத் திறந்து பார்த்தபோது பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. மணியார்டர் ஃபாரத்தில் செய்தி எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தே இரண்டு மாதம் போயிற்று. கடைசியில் எதுவும் எழுதாமல் அனுப்பினேன். விலாசத்தில் ஆள் இல்லை என்று பணம் திரும்பி வந்தது. கணக்கப்பிள்ளைக்கு எழுதிக் கேட்டேன். புதுத் தொரையோடு ஒத்துப்போகாமல் குடும்பத்தோடு நீலகிரிப் பக்கம் போய்விட்டார், எந்த எஸ்டேட் என்று தெரியாது என்று பதில் வந்தது. நீலகிரியில் மூன்று எஸ்டேட்டுக்கு எழுதினேன். ஒன்றிலிருந்து மட்டும், அப்படி யாரும் இங்கே இல்லை என்று வந்தது.

அடுத்த வருஷம் பந்தயத்துக்கு நான் போகவில்லை. அதற்கடுத்த வருஷம் பந்தயமே நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். இருநூறில் நூற்று நாற்பது போக, அவருக்கு நான் இன்னும் தர வேண்டியது அறுபது ரூபாய்.